நான் சேர்த்து எழுதிய ஒரு சொல்

ஓய்வு பெற்ற பிறகு யாருக்கும் ஒரு வரிகூட மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். முப்பது வருடம் திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தமிழைச் சிங்களமாகவும் சிங்களத்தைத் தமிழாகவும் மாற்றிக்கொண்டிருந்தவள் நான். போதும் என்றிருந்தது. ஆனால் ஊர் விடுமா? காணிக் கடிதம், பொலிஸ் முறைப்பாடு, பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவதொரு கடதாசியோடு யாராவது வந்து படலையைத் தட்டுவார்கள். முதலில் ஏசுவேன். பிறகு எழுதிக் கொடுப்பேன். என் கோபத்தின் பெறுமதி அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் வந்த காலையிலும் நான் கோபத்தில்தான் இருந்தேன். நகரத்துத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று மதிலோரத்துச் செவ்வரத்தையை மொட்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதை ஏசிக்கொண்டு நிற்கும்போது படலைக்கு வெளியே ஒருவர் ஸலாம் சொல்லும் சத்தம் கேட்டது. அறுபது வயது மதிக்கலாம். வெள்ளைத் தொப்பி, சாரம், வலது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். முகம் ஊதியிருந்தது. கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் கடதாசிகள்.

"மிஸ், சட்டம் மாறிட்டாம். முந்தித் தள்ளுபடி பண்ணின ஆக்களும் திரும்பப் போடலாமாம். சிங்களத்துல எழுதணும் எண்டு செல்றாங்க."

"ஆர் உங்களை இங்க அனுப்பினது?"

"எல்லாரும்தான்."

மூதூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அந்தக் காலோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "இருங்கோ, நானா" என்று கதிரையைக் காட்டினேன், முஸ்லிம் ஆண்களை அண்ணா என்பதற்கு நாங்கள் நானா என்போம். தேத்தண்ணி கொடுத்தேன், சீனி வேண்டாம் என்றார். சலரோகமா என்று கேட்டேன். சலரோகத்தில் தொடங்கி இப்போது சிறுநீரகத்தில் வந்து நிற்கிறது என்றார்.

அவர் யுத்த காலத்தில் ஊர்க்காவலராக இருந்தவர். ஊருக்கும் வயலுக்கும் நடுவில் மண்மூட்டை அடுக்கிய ஒரு காவலரண். இரவெல்லாம் இரண்டு பேர் காவல், விடிய ஐந்தரைக்கு அடுத்த இருவர் வந்து மாற வேண்டும். ஒரு நாள் மாற்றாள் வரவில்லை, குண்டு வந்தது. இவருக்குக் கால் போயிற்று. கூட நின்றவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். இறந்தவர் இவருடைய மனைவியின் தம்பி.

அங்கவீன ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்தார். அதையும் மறுத்தார்கள். காரணம் ஒன்றுதான்: காயப்பட்டபோது அவர் கடமையில் இருக்கவில்லை, கடமையை முடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். இறந்த மச்சான் மட்டும்தான் மாற்றாள் வரும்வரை நின்றவர் என்று கோப்பு சொல்லிற்று.

"நான் போகல்ல மிஸ். எவனோ ஒருத்தன் மாத்தி எழுதிட்டான். எழுதின கை புழுத்துப் போகணும் எண்டு அல்லாஹ்ட்டக் கேட்டிரிக்கன்."

"கேட்டதில பிழையில்லை" என்றேன்.

சட்டம் மாறியது உண்மைதான். முன்பு கடமையில் நின்ற நேரத்துக் காயம் மட்டும்தான் கணக்கு. இப்போது கடமைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் பட்ட காயத்துக்கும் உரிமை உண்டு என்று திருத்தியிருந்தார்கள். ஆனால் சட்டம் மாறினால் பழைய மறுப்பு தானாக அழிந்துவிடாது. யாரும் தூசு தட்டிக் கோப்பை எடுத்து "ஐயோ பாவம்" என்று சொல்லப்போவதில்லை. மறுக்கப்பட்டவன் தானே திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கேட்கலாம் என்று அவனுக்கு யாராவது சொல்லவும் வேண்டும். இவருக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பழைய காவலர்.

கடதாசிகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் நடந்ததைச் சொல்லுங்கோ என்றேன். என் வழக்கம் அது. ஆளின் வாயால் ஒரு தரம் கேட்டால்தான் எனக்குக் கை ஓடும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அண்டைக்கி மாத்தாள் வரல்ல. நேரம் போகுது. நான் கடமைய முடிச்சி, ஸலாம் குடுத்துட்டு எழும்பக்குள்ளதான் வெடிச்ச."

"ஆருக்கு ஸலாம் குடுத்தனீங்கள்? மச்சானுக்கோ?"

அவர் சிரித்துவிட்டார். "இல்ல மிஸ். தொழுகையில. ரெண்டு பக்கமும் திரும்பி ஸலாம் குடுத்துத்தானே தொழுகைய முடிக்கிற."

என் பேனை நின்றது. "அப்ப கடமை எண்டது?"

"சுபஹுத் தொழுகை, விடியக்குள்ள தொழுற. பர்ளு. எங்களுக்குக் கடமை எண்டால் தொழுகைதானே. மத்தத நாங்க டியூட்டி எண்டுதானே செல்ற. ஒராள் தொழக்குள்ள மத்தாள் காவல் நிப்பம். நான் தொழுது முடிஞ்ச. அவனுக்கு இடம் குடுக்கத்தான் எழும்பின."

ஓர் ஒழுங்கான ஆளாக இருந்திருந்தால் அப்போதே எனக்கு விளங்கியிருக்கும். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "எவனோ ஒரு விசரன் இதை டியூட்டி எண்டு நினைச்சு எழுதிப்போட்டான், பாருங்கோ" என்று அவரிடம் பெரிய மனுஷியாகச் சொல்லிக்கொண்டே பையிலிருந்த வாக்குமூலப் பிரதியை இழுத்தெடுத்தேன். சிங்களத்தில் எழுதிய இரண்டு பக்கம். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் எழுத்து. அடியில் மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து, அந்தக் காலத்தில் போட்ட நீண்ட வாலோடு.

அவர் சொன்னது, கடமையை முடித்து எழும்பும்போது. நான் சிங்களத்தில் எழுதியிருந்தது, கடமை முடிந்து புறப்பட எழுந்தபோது. புறப்பட என்ற சொல் அவர் வாயில் வந்ததல்ல. வசனம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக நான் சேர்த்தது.

என் சிங்களத்தைப் பற்றி எனக்குக் கொழுப்பு அதிகம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் படித்த மொழி அது. இருந்தாலும் சிங்களத்தில் சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுவேன். தமிழுக்கு ஒருநாளும் புரட்டியதில்லை. தமிழில் எனக்கு என்ன சந்தேகம்! இதே குடாவின் அக்கரையில் இருக்கும் ஒருவர் இதே தமிழில் பேசியதைத்தான் நான் பிழையாக விளங்கியிருந்தேன். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன் என்று அடியில் குறிப்பும் இருந்தது. வாசித்திருப்பேன். "கடமை முடிந்து எழும்பும்போது" என்று தமிழில் சொல்லியிருப்பேன், அவரும் ஓம் என்று தலையாட்டியிருப்பார். அவர் என் முகத்தை மறந்தது பெரிதல்ல, அந்த நாள் எனக்கு நினைவில்லை என்பதுதான் பெரிய வெட்கம்.

"என்ன மிஸ், முகம் மாறிட்டு?"

"கண் தெரியேல்ல, நானா. இதை வைச்சிட்டுப் போங்கோ. பார்த்துச் சொல்லுறன்."

அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அந்த விண்ணப்பங்களைப் பார்க்கிற கந்தோருக்குப் போனேன். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இளவயதுச் சிங்களப் பிள்ளை, மரியாதையானவர். நடந்ததைச் சொன்னேன், பிழை என்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைத் திருத்தப் போகவேண்டாம் என்றார். விண்ணப்பத்தில் அடையாளம் போடுகிற கூடு இரண்டு இருக்கிறது. முதலாவது, கடமையில் நின்றபோது. இரண்டாவது, வழியில். புறப்பட எழுந்தவர் என்று பழைய வாக்குமூலத்திலேயே இருப்பதால் இரண்டாவது கூட்டில் அடையாளம் போட்டால் கேள்வியே இல்லை, ஒரு மாதத்தில் முடிந்துவிடும். வாக்குமூலம் பிழை என்று சொல்லி முதலாவது கூட்டுக்குப் போனால் கொழும்பில் புது விசாரணை. சாட்சி கேட்பார்கள். சாட்சியோ மண்ணுக்குள். "மிஸ், அந்தப் பழைய மொழிபெயர்ப்புத்தான் இப்போது அவருக்கு அதிர்ஷ்டம்" என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சொல்லாமல் விட்டுவிட நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நன்றாகவே நினைத்தேன். அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும். எனக்கும் மானம் போகாது. பிழையே நன்மையாகிவிட்டது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. இரண்டு நாள் இப்படியே எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஆனால் அவரிடம் அந்த விண்ணப்பத்தை வாசித்துக் காட்ட வேண்டும். "நான் புறப்பட்டுப் போகும் வழியில்" என்று நான் வாசிக்க, இருபது வருடமாக "நான் போகல்ல, போகல்ல" என்று சொன்ன மனுஷன் அதற்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். ஒருதரம் தெரியாமல் செய்தேன். தெரிந்துகொண்டு செய்ய என்னால் ஏலவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் நடந்தவை கொஞ்சமல்ல. தமிழ்ப் பொம்பிளை வேண்டுமென்றே எழுதினாள் என்று அவர் நினைத்தால், அதை இல்லையென்று நிரூபிக்க என்னிடமும் சாட்சி இல்லை.

கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் பஸ்ஸில் போனேன். சின்ன வீடு. அவருடைய மனைவி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர், கையில் மா காயாமல் வந்து எனக்குக் கதிரை தூக்கிப் போட்டார். ராத்தா என்று கூப்பிட்டேன், எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பெண்களை அக்கா என்பதற்கு அப்படித்தான் கூப்பிடுவோம். இருவரையும் இருக்கச் சொன்னேன். சுற்றி வளைத்தால் துணிவு போய்விடும் என்று நேரே சொல்லிவிட்டேன்.

"எழுதினது நான்தான், நானா. தொழுகை எண்டு எனக்கு விளங்கேல்ல. புறப்பட எண்ட சொல்லும் நான்தான் போட்டனான்."

ராத்தாதான் கேட்டார், குரல் உயராமல்: "வேணுமெண்டு எழுதினீங்களா மிஸ்? நாங்க சோனக ஆக்கள் எண்டா?"

"இல்லை, ராத்தா. எனக்குத் தமிழ் தெரியும் எண்ட திமிரில எழுதினனான்."

அவர் அதை நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நானா தன் செயற்கைக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கை புழுக்கணும் எண்டு செல்லிட்டன். அத மன்னிச்சிருங்க மிஸ்" என்றார்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ராத்தா திடீரென்று புருஷன் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க போகல்லயா?" என்று கேட்டார்.

நானா நிமிர்ந்து பார்த்தார். "என்ன கேக்கிறாய்? நான் எத்தின தரம் செல்லியிரிக்கன்."

"ஆசுபத்திரில செல்லின. கடிதம் வந்த பொறகு நீங்க செல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. உம்மா கேட்டா, என்ட புள்ளயத் தனிய விட்டுட்டு வந்தியா எண்டு. நீங்க பொய் எண்டீங்க. கவுமெண்டு பொய் எழுதுமா எண்டு உம்மா கேட்டா. நீங்க எழும்பிப் போயிட்டீங்க."

"உம்மா நம்பினா. நீயுமா?"

ராத்தா கையில் காய்ந்துபோன மாவை நகத்தால் சுரண்டினார். அந்தக் கையால்தான் இருபது வருடம் அவருக்குச் சோறு போட்டார், வெட்டுப்பட்ட காலைக் கழுவி மருந்து கட்டினார், அவருக்கு மூன்று பிள்ளைகள் பெற்று வளர்த்தார். அவ்வளவும் தன் தம்பியைக் கைவிட்டு வந்தவன் என்று நினைத்துக்கொண்டே செய்திருக்கிறார். அவரோ, ஊர் என்ன சொன்னாலும் வீட்டில் ஒருத்தி தன்னை நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கத எண்டு செல்வாங்க" என்றார் ராத்தா கடைசியில். "அது நான்தான்."

நானா எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார். நான் அந்த வீட்டில் இருக்கக்கூடாத நேரம் அது. ஆனால் பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ராத்தா குசினிக்குள் போய், அழுதுகொண்டே எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன். என்ன செய்வது.

நானா திரும்பி வந்தபோது இரண்டு கூட்டையும் பற்றி விளக்கினேன். இரண்டாவதில் போட்டால் உடனே கிடைக்கும் என்பதையும், முதலாவதில் போட்டால் கிடைக்காமலே போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவருடைய சிறுநீரக வருத்தத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆசுபத்திரிக்குப் போகவேண்டியிருந்த நேரம் அது. மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நிண்ட இடத்துலதான் பட்ட. அப்பிடியே எழுதுங்க மிஸ்."

எழுதினேன். என் பிழையை ஒப்புக்கொண்டு சமாதான நீதவானின் முன்னால் சத்தியக் கடதாசியும் முடித்துக் கொடுத்தேன். இளம் உத்தியோகத்தர் அதை வாசித்துவிட்டு, முதல் தரம் வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். அவர் கோப்பைக் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு கடிதம் வந்தது, சம்பவத்தைக் கண்ட இன்னொருவரின் பெயர் கேட்டு. இல்லை என்று எழுதினேன். இன்னொரு கடிதம் வந்தது, மொழிபெயர்ப்பாளர் இவ்வளவு காலம் கழித்து எப்படி நினைவு வைத்திருக்கிறார் என்று கேட்டு. நியாயமான கேள்வி. நினைவில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்று பதில் போட்டேன். நானா ஒவ்வொரு கடிதத்துக்கும் வந்தார். வரவர ஊன்றுகோலில் பாரம் கூடிற்று. கடைசித் தரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "கதைக்கிறம் மிஸ். ஆனா அவ என்னப் பார்த்துக் கதைக்கிறல்ல. வெட்கப்படுறா. அது வேணாம் எண்டு எப்பிடிச் செல்ற எண்டு எனக்குத் தெரியல்ல" என்றார்.

மாரி தொடங்கிய கிழமை அவர் ஆசுபத்திரியில் இறந்துபோனார். மகள் போனில் சொன்னாள். அன்றே அடக்கிவிட்டார்கள்.

நாற்பது நாள் கழித்து அந்த உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டார். விண்ணப்பதாரர் இறந்துவிட்டதால் விதவை தொடரலாம். கொழும்பில் பேசிப் பார்த்திருக்கிறார். இரண்டாவது கூட்டுக்கு மாற்றிக் கையெழுத்து வைத்தால் அவர்களும் உடனே முடித்துவிடுவார்களாம். முதலாவதிலேயே விட்டால், பேசவேண்டிய ஆளும் போன பிறகு, நம்பிக்கை குறைவு. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் நல்ல மனதோடுதான் கடதாசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். இறந்தவருக்கு இனி எந்தக் கூட்டில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

ராத்தா இத்தாவில் இருந்தார், புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்கும் காலம் அது. உள்ளறையில் பாய் விரித்து இருந்தார். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து விண்ணப்பத்தை வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, விளங்குதோ, விளங்குதோ என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். பேனையைக் கொடுத்தேன்.

"இதுல வைச்சா, அவர் எழும்பி வந்திட்டார் எண்டுதானே அர்த்தம்?"

"ஓம், ராத்தா. ஆனால் வைச்சால் ஒரு மாதத்தில முடிஞ்சிடும். வைக்காட்டி வராமலும் போகலாம். பிள்ளையளுக்காக எண்டு நினைச்சு வைக்கலாம். பிழையில்லை."

அவர் பேனையைப் பிடித்தபடி கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களம் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"அவர் இரிக்கக்குள்ள இருவது வருசம் நான் இத நம்பின மிஸ்" என்றார். "மௌத்தான பொறகும் நம்பச் செல்றீங்களா?"

ராத்தா விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி, அவர் நின்ற இடம் எது என்று கேட்டார். முதலாவது கூட்டை விரலால் தொட்டுக் காட்டினேன். என் விரலை எடுக்க முன்னமே அந்த இடத்தில் பேனையை வைத்து அழுத்தி அடையாளம் போட்டார்.